ஒரு சட்டையில் இரண்டு குறி

தேர்தல் என்று யாராவது வாயெடுத்தால் எனக்கு இன்றைக்கும் வெளுத்த சட்டைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

பெண்களுக்கும் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கும் வாக்குக் கிடைத்த புதிது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களும் நிறத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம். என் வீட்டுக்காரர் கண்டியில் வழக்குப் பார்க்கிற ஒரு புரொக்டரிடம் கிளார்க்காக இருந்தார். அந்தப் புரொக்டர் தேர்தலில் நின்றார். அவருக்குப் பச்சைப் பெட்டி. எதிர்த்து நின்றவர் கம்பளையில் கடை வைத்திருந்த ஒரு முதலாளி, அவருக்குச் சிவப்பு. முதலாளி குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், மனைவி மக்களோடு கோயிலுக்குப் போவார் என்று ஊரெல்லாம் நல்ல பேச்சு. புரொக்டருக்கு அது பொறுக்கவில்லை.

"அப்பிடி ஒரு மனுசன் இருக்கேலாது. கம்பளைக்குப் போய்த் தோண்டிப் பாரும்" என்று என் வீட்டுக்காரரை அனுப்பினார்.

சனிக்கிழமைதோறும் இவர் கிளம்பிவிடுவார். பேராதனையில் ரயில் வண்டி மாறிப் போய், இரவு தங்கி, ஞாயிறு காலை பூசை முடிந்த பிறகு வந்து சேருவார். மாதாவே, என்ன பெருமை! சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்துவார். "ஒரு மனுசனப் பத்தித் தெரியணும்னா அவன் கூட்டாளிகிட்டக் கேக்கக் கூடாது. அவன் வீட்டு டோபிகிட்டக் கேக்கணும். அழுக்கு அங்கதான் போகும்" என்பார். நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

பாடத்துக்கு நடுவில் ஒரு தையல்காரி வந்து நுழைந்தாள். கம்பளை ஸ்டேசனுக்குப் பக்கத்தில் இருக்கிறாளாம், புருஷன் இல்லையாம், முதலாளி வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுத்தவளாம், உள்வீட்டுச் சங்கதியெல்லாம் தெரியுமாம். நல்லது, விசாரிக்கட்டும் என்று இருந்தேன். அப்புறம் அவளுடைய இடியப்பம் வந்தது. அப்புறம் அவள் வீட்டு வாசலில் இருக்கிற ரோசாச் செடி. "எவ்வளவு அமைதியான பொம்பள தெரியுமா" என்றார் ஒரு நாள், என் மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே. நான் வைத்த குழம்பைத் தின்றுகொண்டு இன்னொருத்தியின் இடியப்பத்தைப் பற்றிப் பேசுகிற ஆணுக்கு என்ன சொல்ல! அகப்பையைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்து போனேன். அவர் கவனிக்கவேயில்லை.

இதற்குள் புரொக்டர் பொறுமை இழந்துவிட்டார். "எத்தனை சனிக்கிழமை போனீர், ஒண்டும் காணேல்லையே" என்று கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறே இவர் கதையோடு வந்து இறங்கினார்.

"முதலாளிக்கு இன்னொரு வீடு இருக்கு. டோபியே சொல்லிட்டான். அவரு சட்டை வேற ஒரு பொம்பள வீட்டு மூட்டையில வாரா வாரம் வருதாம். அந்த வீட்டுக் குறியையே அதுலயும் போடுறானாம். இனி அந்தாளு தப்ப முடியாது!"

நான்கூடக் கை தட்டினேன். பாவம் அந்த முதலாளியின் பெண்சாதி என்று உச்சுக்கொட்டினேன்.

அடுத்த கிழமை எங்கள் டோபி உருப்படி எடுக்க வந்தார். துணியை விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஒரு வெள்ளைச் சட்டையில் கையை நிறுத்தினார். டோபிமார் சேங்கொட்டைச் சாற்றால் காலருக்குள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி போடுவார்கள். எத்தனை தரம் துவைத்தாலும் அது போகாது. எங்கள் வீட்டுக் குறி ஒரு சிலுவையும் ஒரு புள்ளியும். அந்தக் காலரில் சிலுவைக்குப் பக்கத்தில் கடுகளவில் ஒரு வளையமும் இருந்தது.

"அம்மா, இது நான் போட்டதில்ல. கம்பளை ஆத்தங்கரையில வெளுக்கிறவரு குறி மாதிரி இருக்கு" என்றார் அவர்.

சட்டையைப் பிடுங்கி உள்ளே வைத்தேன். ஒரு புதன்கிழமை, அவர் கந்தோருக்கு வேலைக்குப் போன பிறகு, அதைப் பையில் சுருட்டிக்கொண்டு வண்டி ஏறினேன். அவர் சொல்லிக் கொடுத்த பாடம்தானே, டோபிகிட்டத்தான் கேட்கணும்!

மகாவலிக் கரையில், கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு காலரைப் பார்த்தார்.

"இது தையக்கார அக்கா வீட்டுக் குறிங்க. அந்த வீட்டு ஐயாவோட சட்டை. கண்டியில வேலை, சனிக்கிழமைல வருவாரு. குறியச் சின்னதாப் போடச் சொல்லி அவருதான் கேட்டுக்கிட்டாரு."

அந்த வீட்டு ஐயா! ஆனாலும் கேட்டேன், "கடை முதலாளி வீட்டுத் துணியும் நீங்கதானே வெளுக்கிறீங்க? அவரு சட்டை வேற வீட்டு மூட்டையில வருதாமே?"

"அபாண்டம்மா! அவரு வீட்டுத் துணி ஒரே மூட்டையிலதான் வருது. வேற வீட்டு மூட்டையில வாற ஒரே சட்டை இதுதான்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"அந்த ஐயாவுக்குக் கண்டியில சமைச்சுப் போடுறவ" என்றேன். பொய்யில்லையே.

திரும்பும்போது ஸ்டேசன் பக்கம் அந்த ரோசாச் செடி வாசலைப் பார்த்தேன். அவள் மிசினில் உட்கார்ந்திருந்தாள். கருப்பு, ஒல்லி, என்னைவிட வயது கூட. அழகாக இருந்திருந்தால் மனதை ஆற்றியிருப்பேனோ? இல்லை, அப்போதும் எரிந்திருப்பேன். ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டு தைத்தாள். அந்தப் பாட்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் வீட்டில் பாடி எத்தனை காலம்!

அந்த ஞாயிறு கலஹாவில் தேர்தல் கூட்டம். முதலாளியின் இரண்டாம் வீட்டுக் கதையைப் புரொக்டர் மேடையில் ஏற்றுவதாகவும், இவர் சாட்சியாகப் பக்கத்தில் நிற்பதாகவும் ஏற்பாடு. அதற்காகச் சனிக்கிழமை கம்பளைக்குப் போகாமல் நின்றுவிட்டார். நான் அந்தச் சட்டையைக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, காலரை விரித்துக் கதிரையில் மாட்டி வைத்தேன்.

"இதைப் போட்டுக்கிட்டு மேடையில நில்லுங்க" என்றேன்.

கையில் எடுத்தார். வளையத்தைப் பார்த்தார். முகம் செத்துப் போயிற்று.

"யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. இதே மேசையில, முதலாளி பேரை வச்சு."

கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன், கத்தினேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று கத்தினேன். "அப்பிடி என்ன இருக்கு அவகிட்ட, எங்கிட்ட இல்லாதது?"

காலரிலிருந்த வளையத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அவ என்னைய ஒண்ணும் கேக்க மாட்டா" என்றார்.

ஓங்கி அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு புரொக்டரிடம் போனார். கேள்விப்பட்டது பொய் என்று சொல்லியிருக்கிறார். மேடையில் அந்தக் கதை ஏறவில்லை. புரொக்டர் தோற்றார், சிவப்புப் பெட்டி வென்றது. திரைக்குப் பின்னால் என் சீட்டு எந்தப் பெட்டியில் விழுந்தது என்று இவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கம்பளைக்குப் போவதை அவர் நிறுத்திவிட்டார். என்னைத் தொட்டு, மாதாவின் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தார். ஆனால் சனிக்கிழமை பின்னேரம் ஸ்டேசன் பக்கம் வண்டி கூவும்போது, பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறவரின் தலை நிமிரும். பிறகு மெதுவாகக் குனியும். எங்கே போயிற்று நினைப்பு என்று கேட்க நாக்கு துடிக்கும். நான் கேட்கமாட்டேன். தேத்தண்ணீரைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பேன். ஒன்றும் கேட்காமல் இருந்தால் அவருக்கு என்னையும் பிடித்துப்போகுமோ என்றுதான்.