சித்தப்பாவின் ஊர்

மலாய் மொழியில் என்னை யாரும் மடக்க முடியாது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனால் இன்று கிள்ளானில் இரண்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒன்று என்று மூன்று சாப்பாட்டுக் கடைகளை ஒற்றை ஆளாக நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து என்னிடம் வேலை செய்யும் பையன்களின் வேலை பெர்மிட் ஃபாரத்தை ஏஜெண்ட் கையில் விடுவதில்லை. வரிக்கு வரி நானே படித்து, தமிழில் சொல்லி, புரிந்ததா என்று இரண்டு தரம் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட விடுவேன்.

“அக்காவுக்கு யார் மேலயும் நம்பிக்கை இல்லலா” என்று என் மானேஜர் இந்த ஊர் ‘லா’ போட்டுக் கேலி செய்வான். நம்பிக்கை இல்லாதது என் மேல்தான் என்று அவனிடம் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பி. அப்பாவுக்கு நீல அடையாள அட்டை, சித்தப்பாவுக்குச் சிவப்பு. நீலம் குடிமகனுக்கு, சிவப்பு மற்றவர்களுக்கு. எனக்கென்னவோ சிவப்புதான் எடுப்பாகத் தெரிந்தது. சித்தப்பாவும் அதே தோட்டத்தில் பிறந்தவர்தான். ஆனால் ஜப்பான்காரன் காலத்தில் பிறந்ததால் பிறப்புப் பத்திரம் என்று ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

அந்த வருடம், சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்வதற்குப் பெர்மிட் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நாட்டில் வேலையில்லாதவர்கள் அதிகம், குடிமக்களுக்குத்தான் முதல் இடம் என்றார்கள். காட்டை அழித்து மரம் நடும்போது கப்பல் கப்பலாக ஆள் கேட்டார்கள். அந்த மரம் கொடுத்த பாலில் ரோடும் டவுனும் வளர்ந்த பிறகு அட்டையின் நிறத்தைப் பார்த்தார்கள். இன்று அதே டவுனில் கடை போட்டுக்கொண்டு, தட்டுக் கழுவ உள்ளூர் ஆள் கிடைக்காமல், கடல் தாண்டி ஆள் கேட்டு அலைகிறேன் நான். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

விசாரணைக்கு ஒரு அதிகாரி தோட்டத்துக்கே வந்தார். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டார்கள். மொழிபெயர்க்க வேண்டிய கிராணிக்கு, தோட்டத்துக் குமாஸ்தாவுக்கு, அன்று காய்ச்சல். எங்கள் ஆட்களுக்குப் பாசாரில் மீன் வாங்கும் அளவுக்குத்தான் மலாய் தெரியும். அதிகாரி பேசியது அந்த மலாய் இல்லை. வரிசை நகராமல் நின்றபோது சித்தப்பா என்னை முன்னால் தள்ளி, அதிகாரியிடம் அரைகுறை மலாயில் சொன்னார்.

“எங்கண்ணன் மக கேட்டுச் சொல்லும், துவான். கிளாஸ்ல மலாய்ல இதுதான் பஸ்ட்டு.”

பின்னாலிருந்து ஒருவர், “சின்னக் கிராணி வந்தாச்சுடா!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதிகாரி சித்தப்பாவின் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஆசால் தரி மானா?” என்று கேட்டார். ஆதியில் எங்கிருந்து என்பது அதன் பொருள். நான் யோசிக்கவே இல்லை.

“ஒங்க ஊரு எதுன்னு கேக்குறாரு, சித்தப்பா.”

எங்கே பிறந்தீர்கள் என்று நான் கேட்டிருந்தால் அவர் காலடி மண்ணைக் காட்டியிருப்பார். ஆனால் எங்கள் ஆட்களிடம் எந்த ஊர் என்று கேட்டால், பாட்டன் கப்பலேறிய இடத்தைத்தான் சொல்வார்கள். கல்யாணமானாலும் கருமாதியானாலும் அப்படித்தான். சித்தப்பா நெஞ்சை நிமிர்த்தினார்.

“மன்னார்குடி பக்கம்.”

அந்தப் பக்கத்தை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அதிகாரிக்குப் பெயர் விளங்கவில்லை. பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். யாரும் கேட்காமலே நான் எடுத்துக் கொடுத்தேன்.

“இந்தியா, துவான்!”

அவர் எழுதிக்கொண்டார். “பண்டாய்” என்று சொல்லி என் தலையைத் தட்டினார். கெட்டிக்காரி என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை ஒரு வாரம் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

சில மாதம் கழித்துப் பெர்மிட் இல்லை என்று கடிதம் வந்தது. சிவப்பு அட்டையோடு நாட்டில் இருக்கலாம், வேலை செய்யக் கூடாது. வேலை இல்லாதவருக்கு லயத்தில் இடமில்லை. என் சொல்லால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்ல முடியாது. இந்த மண்ணில்தான் பிறந்தேன் என்று தெளிவாகச் சொன்னவர்களும் கப்பலேறினார்கள். இதை எனக்கு நானே பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

இந்தியாவுக்குக் கப்பலேறிய அன்று துறைமுகத்தில் சித்தப்பா புதுச் சப்பாத்து போட்டிருந்தார். அது காலைக் கடித்ததால் நொண்டி நடந்தார். அம்மா அழுதாள். அப்பா கயிறு கட்டிய பெட்டியைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். “நல்லாப் படிக்கணும், பாப்பா” என்று சித்தப்பா என்னிடம் சொன்னார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்ல ஏதோ இருந்தது என்பதே அன்று எனக்குத் தெரியாது.

தீபாவளிக்கு முன்னால் அவருடைய முதல் கடிதம் வந்தது. அப்பா வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தார். மழை இல்லை, கூலி வேலைக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தார். அப்புறம் ஒரு வரி: ‘இங்கு என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் நான் மலாயாக்காரன்தான்.’

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போன இடத்தில் சித்தப்பா பெரிய ஆளாகிவிட்டார், பட்டப்பெயரே கொடுத்துவிட்டார்கள் என்று வீடு வீடாக ஓடிச் சொன்னேன். குழாயடியில் நின்ற பெண்களிடம் அவரைப் போல நொண்டி நடந்துகாட்டி, “மலாயாக்காரன் வர்றாரு, வழி விடுங்க!” என்று கத்தினேன். ஒருத்தி குழாயை மூடினாள். இவ்வளவு நல்ல செய்திக்கு ஏன் யாருமே சிரிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.