ஆர்வில் தலைக்குள் ஓடிய என்ஜின்

கிளெம் ஹாகன் ஆர்வில் டைக்குக்கு நூறு டாலர் கடன்பட்டிருந்தார். அவரிடம் பழைய சேணம் ஒன்று வாங்கிய வகையில் நின்றுபோன பாக்கி. செவ்வாய்தோறும் ஏல மேடையில் ஏறி, தொப்பியை இழுத்துவிட்டு, மைக்கைத் தட்டியதும் ஆர்வில் அதைத்தான் கேட்பார்: "கிளெம், என் நூறு எங்கடா?" இடப்பக்கப் பெஞ்சிலிருந்து கிளெம் ஏதோ முனகுவார். பெஞ்சே சிரிக்கும். ஆர்விலுக்கு மட்டும் கேட்காது. அதற்குள் முதல் மாடு வந்துவிடும்.

காரணம் தொப்பிக்குள் இருந்தது. இளவயதில் கன்றுக்குட்டி உதைத்த இடத்தில், இடது காதுக்கு மேலே, ரத்தக் குழாய்கள் தாறுமாறாகப் பின்னிக்கொண்டு மண்புழுக் கூட்டம்போலப் புடைத்திருந்தன. தொட்டால் துடிக்கும். இரவும் பகலும் அந்தக் காதில் புஸ், புஸ் என்று ஒரே இரைச்சல். ஆர்வில் அதைக் குறையாகச் சொன்னதில்லை. மற்ற ஏலக்காரர்களிடம், "நீங்கல்லாம் காசு கட்டி ஏலம் விடக் கத்துக்கிட்டீங்க. எனக்கு என்ஜின் உள்ளயே ஓடுது" என்பார். அந்தத் தாளத்தில்தான் விலையை அடுக்குவார். எட்டாம் வகுப்போடு நின்றவர். லாரியில் மாடு ஏற்றி இறக்கி, கடைசியில் சந்தையையே வாங்கியவர். சாஸ்கட்செவான் மாகாணத்திலேயே அவருக்கு ஈடாக ஏலம் விட இன்னொருவன் பிறக்கவில்லை.

மார்ச்சில் தலை வாரும்போது சீப்பு அந்தப் புடைப்பைக் கீறி ரத்தம் பீய்ச்சியது. மனைவி லியோனா ஒரு கையால் துண்டை அழுத்திக்கொண்டு மறு கையால் வண்டியை ஓட்டினாள். அடுத்த முறை ரத்தம் நிற்காது, அறுத்தே ஆகவேண்டும் என்றார் சாஸ்கட்டூன் மருத்துவர்.

"சத்தம் போயிடுமா?"

"போயிடும்."

"அப்ப என் ஏலம்?"

அதற்கு லியோனாதான் பதில் சொன்னாள். "ஏலம் போனா போகட்டும். எனக்கு ஆள் வேணும்."

முதல் நாள் தொடை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, ரத்தம் பாயும் வழிகளைப் பசையிட்டு அடைத்தார்கள். மறுநாள் தலைத்தோலை மடலாகத் திறந்து, முடிச்சை மிச்சமின்றி எடுத்தார்கள். கண் விழித்ததும் அவர் இடது காதில் கேட்டது, பக்கத்தில் லியோனா மூச்சு விடும் சத்தம்.

வீட்டுக் கொட்டகையில் தனியாக ஏலம் விட்டுப் பார்த்தார். நாக்கு தடுக்கியது. லியோனாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஜூனில் மேடை ஏறியபோது சந்தை நிரம்பி வழிந்தது. தொப்பி இப்போது தொளதொளவென்று கண்ணில் இறங்கியது. கழற்றி ஆணியில் மாட்டினார். தழும்பு எல்லோருக்கும் தெரிந்தது.

"கிளெம், என் நூறு எங்கடா?"

கிளெம் வழக்கம்போல முனகினார். "உன் மண்டைக்குள்ள ஓடுற என்ஜின் நிக்கட்டும், தர்றேன்டா."

ஆர்வில் மெல்லத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் சிரிப்பு பாதியில் நின்றது. கதவு திறந்தது, கிடாரிகள் உள்ளே வந்தன.

முதல் இரண்டு விலையைச் சொல்லும்போது நாக்கு தடுமாறியது. கொட்டகையில் நடந்ததேதான். அப்போது வலப்பக்கம் ஒருவர் விலையை ஏற்று "ம்" என்றார். இடப்பக்கம் இன்னொருவர் "ம்" என்றார். இத்தனை வருஷமும் காதில் விழாத பக்கம். ஆர்வில் இரண்டையும் மாறி மாறிப் பிடித்தார். வலம், இடம், வலம், இடம். தாளம் தானாக வந்து உட்கார்ந்தது. அன்று விலை ஏறிய ஏற்றத்தை எங்கள் சந்தை அதற்குமுன் கண்டதில்லை. விற்காமல் வீடு திரும்பிய மாடு ஒன்றுகூட இல்லை.

கடைசிக் காளையும் போனபின் இறங்கி வந்து இடப்பக்கப் பெஞ்சின் முன்னால் நின்றார்.

"நின்னுடுச்சு" என்று உள்ளங்கையை நீட்டினார்.

கிளெம் பணப்பையைத் திறந்து, இருபது டாலர் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி அந்தக் கையில் வைத்தார்.