புளி போட்டுத் தேய்த்த எஞ்சின்

அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் ஜன்னலுக்கு வெளியே நாளெல்லாம் லோக்கல் ரயில் தடதடத்துக்கொண்டிருந்தது. அது போதாதென்று நான் வீட்டுக்குள்ளும் ரயில் சேர்த்தேன். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர்கள் விட்டுச் சென்ற பொம்மை ரயில்கள் பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில் கிடைக்கும். எல்லாருக்கும் தெரிந்த இங்கிலீஷ் கம்பெனி ரயில் எனக்கு வேண்டாம். ஜெர்மனியிலோ சுவிஸ்ஸிலோ ஏதோ ஒரு சின்னப் பட்டறையில் செய்து, அந்தப் பட்டறையின் பேரே மறந்துபோன ரயில்கள்தான் வேண்டும். அண்ணா இதைப் பைத்தியம் என்பார். சரியாகத்தான் சொன்னார்.

அப்படிக் கிடைத்ததுதான் அந்தப் பச்சைத் தகர எஞ்சின். பக்கவாட்டில், அழுக்குக்கும் துருவுக்கும் அடியில், தங்க நிறத்தில் பட்டறையின் முத்திரை. பாதி எழுத்துகூடத் தெரியவில்லை. துடைத்தால் பெயின்ட் உரிந்துவிடுமே என்று அதன் பக்கத்தில் மூச்சுக்கூட விடாமல் இருந்தேன். தாதரில் இந்த மாதிரி ரயில்களைப் பற்றித் தெரிந்த பார்சிக்காரர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூதக்கண்ணாடியோடு வந்து படித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். அதை யார் செய்தது என்று கண்டுபிடிக்க அந்த முத்திரையைவிட்டால் வேறு வழியில்லை.

அந்த ஞாயிறு சரஸ்வதி பூஜையாக வந்து வாய்த்தது. நான் கறிகாய் வாங்கித் திரும்புவதற்குள் பூஜை முடிந்திருந்தது. புத்தகங்களுக்கும் அண்ணாவின் டைப்ரைட்டருக்கும் நடுவில் என் எஞ்சின் வெள்ளை வெளேரென்று மின்னியது. நெற்றியில் சந்தனம், குங்குமம். பச்சையும் இல்லை, முத்திரையும் இல்லை.

மன்னி ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள்.

"உனக்கு உசிரா இருக்கே, அதையும் பூஜையில வெக்கலாம்னு எடுத்தேன். ஒரே அழுக்கு. குத்துவிளக்கோட சேத்துப் புளி போட்டுத் தேச்சுட்டேன்."

ஆத்திரம் வந்தது. யார்மேல் காட்டுவது? என் பைத்தியத்தை அந்த வீட்டில் மதித்தவள் அவள் ஒருத்திதான். கையில் எடுத்துப் பார்க்கவும் முடியாது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது.

பார்சிக்காரர் வந்தார். ஷூவைக் கழற்றிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தள்ளி நின்றே குனிந்து பார்த்தார். பூதக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. இனி இதை யார் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்று இந்தியில் மெல்லச் சொன்னார். மன்னி உள்ளேயிருந்து அவருக்குச் சுண்டல் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் போனதும், என்ன சொன்னார் என்று கேட்டாள். நன்றாகப் பளபளவென்று இருக்கிறதாம் என்றேன்.

மன்னிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பெட்டியில மிச்சம் இருக்கோல்லியோ, அதையெல்லாம் எடுத்து வெளில வை. அடுத்த வருஷம் எல்லாத்தையும் தேச்சுடறேன்."

"சரி மன்னி" என்றேன்.