அப்பா கேட்ட கனவு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். மீனாட்சித் தாயை நினைத்துக்கொண்டு இன்று எழுதிவிடுகிறேன்.

அமாவாசைக்குப் படைக்க, காலையில் விளாங்குடி வீட்டில் சோழவந்தான் வெற்றிலைக் கட்டைப் பிரித்தேன். அந்த ஈர வாசம் அப்பாவின் கையைக் கொண்டுவந்து கண்மேல் வைத்ததுபோல் இருந்தது.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்துபோனாள். அப்பாவின் கனவில் அவள் வரவே இல்லை. அதனால் தினமும் நான் விழிக்கும் நேரத்தில், கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிவிட்டு வந்த கையால் என் கண்ணைப் பொத்துவார்.

"கண்ணத் தொறக்காத, பொரண்டு படுக்காத. கடைசியா என்னத்தப் பாத்த? அங்கயிருந்து பின்னாடியே போ. அம்மா வந்தாளா?"

"அவன் கனவுல புரோட்டாதான்ப்பா வரும்" என்பாள் அக்கா.

அப்படிப் பின்னாடியே போய் ஒருநாள் அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டேன். வைகைப் படித்துறையில் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டு நின்றாள். ஒன்றும் பேசவில்லை.

"என்னயக் கேட்டாளா?" என்றார் அப்பா, கண்ணைப் பொத்திய கையை எடுக்காமல்.

"கேட்டுச்சுப்பா. சாப்புட்டாரான்னு கேட்டுச்சு."

"கேப்பா, கேப்பா. அவளுக்கு வேற என்ன வேலை?" என்று சிரித்தவர், அன்று வயிறு நிறையச் சாப்பிட்டார்.

உண்மையைச் சொல்வதற்குள் அப்பாவும் போய்விட்டார். இன்றும் விழித்ததும் அசையாமல் கிடந்து பின்னாடியே போகிறேன். நான் இட்டுக்கட்டிய அந்தக் குரல்தான் கேட்கிறது. நிஜமாய்ப் பார்த்த அம்மாவின் முகம் தெரியவே மாட்டேனென்கிறது.

தாயை இழந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு அப்பா சொன்ன வழியைச் சொல்லுங்கள். என் பொய்யையும் மறைக்காமல் சொல்லுங்கள். தயவுசெய்து ஒரு வார்த்தைகூடச் சேர்க்காதீர்கள். நான் சேர்த்துவிட்டுத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.