தொங்கவிட்டுப் பார்த்த சில்லு

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். லிங்கநகரில் இருக்கிறோம். எங்களிடம் ஒரு பழைய வான் வண்டி உண்டு. முதுகில் ஒபரேசன் செய்த மனைவியை மாதம் ஒருமுறை அதில்தான் கண்டிக்குக் கூட்டிப் போகிறேன். பின்பக்கத் தகட்டு ஸ்பிரிங் பெருந்தெருவில் தூக்கித் தூக்கிப் போட்டதில் போனமுறை அவள் அழுதே விட்டாள். அதனால் சாம்பல்தீவு மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து, சுருள் ஸ்பிரிங்காக மாற்றினேன்.

வானை எடுக்க மனைவியோடு போன அன்று ஒரு சுற்று ஓடிப் பார்த்தோம். மெத்தையில் போவதுபோல் இருந்தது. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

"தம்பி, சில்லு றோட்டில பெரிய பள்ளம் கிடங்குக்குள்ள விழுந்தா கீழ ஒண்டும் அறாதோ?" என்று கேட்டேன்.

"இவருக்கு வான் நிண்டாலும் பயம், ஓடினாலும் பயம்," என்றாள் மனைவி. அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள்.

மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. ஜாக் வைத்து வானை உயர்த்தி, கிடங்கில் இறங்குவதுபோல் பின்சில்லுகளைத் தொங்கவிட்டார். புதிய ஸ்பிரிங்கில் சில்லு முன்னையைவிடக் கீழே இறங்கியது. பிரேக் எண்ணெய் போகும் றப்பர் குழாய் இப்போதே அறுந்துவிடும்போல் விறைத்து நின்றது.

"என்ர பிழை அண்ணை. நிலத்தில நிக்கேக்க மட்டும்தான் பாத்தனான். இதோட நீங்கள் போகேலாது," என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நீளமான குழாய் பூட்டி, மறுபடியும் தொங்கவிட்டுக் காட்டிய பிறகே சாவியைத் தந்தார். அவர் இடத்தில் நான் நின்றிருந்தால் அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்லியிருப்பேனா தெரியாது.

இப்போது வானில் எந்த வேலை செய்தாலும் தூக்கிப் பார்க்கச் சொல்கிறேன். பயத்தில் வரும் கேள்வியை வெட்கப்பட்டு விழுங்குவதில்லை. மனைவி கண்டி போய்ச் சேரும்வரை பின்சீட்டில் நித்திரை கொள்கிறாள்.