வாசனை வராத ரம்

வலங்கைமான் பக்கம் ஓய்வுபெற்ற ஹவில்தார் குழந்தைராஜைப் பார்த்திராதவர்களுக்கும் அவர் குடிகாரர் என்பது தெரியும். வரப்பில் தள்ளாடுவார். சொன்னதையே சொல்வார். திடீரென்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, பிறகு அழுவார். மாதாமாதம் மிலிட்டரி கேன்டீன் ரம் வேறு வாங்கி வருவார். வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்த பாட்டில்களைக் கேட்டு வாங்கிக் குடித்தவர் பக்கத்து வீட்டு சாமிதுரை. பெயர் மட்டும் குழந்தைராஜுக்கு.

மனைவி இருதயம்மாள் புருஷன் வாயை மோந்து பார்ப்பாள். "வாசனையே வரலையேண்ணே?"

"மிலிட்டரி சரக்குல வராது தங்கச்சி" என்பார் சாமிதுரை, பத்தடி தள்ளி நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் ஒவ்வொரு தவக்காலத்திலும் கணவரைக் கோயிலுக்கு அழைத்துப்போய், குடியை விடுவதாகப் பீடத்தின் முன் சத்தியம் செய்யவைத்தாள். நேற்று நடந்தது இன்று நினைவில்லாத மனுஷன். குடித்திருப்போம் போல என்று அவரே நம்பிச் சத்தியம் செய்தார். பத்தொன்பது தவக்காலம்.

இருபதாவதில், 2004இல், இருதயம்மாள் பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள். "இதையும் மீறுனீங்க, துபாய்க்கு, நம்ம பையன் ஜெனித்துகிட்டயே போயிடுவேன்."

ஈஸ்டர் முடிந்த வாரமே வாய்க்காலில் விழுந்தார். அவள் பெட்டியை எடுத்தாள். மகன் ஜெனித் துபாயிலிருந்து போனில், "ஒரு ஸ்கேன் எடுத்துட்டு அப்புறம் கோவிச்சுக்கம்மா" என்றான்.

தஞ்சாவூரில் டாக்டரம்மா கேட்டார்: "குடிப்பீங்களா?"

"குடிப்பேங்க."

"எவ்வளவு?"

"அது ஞாபகம் இல்லீங்க. ஊர்ல கேட்டாத் தெரியும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். "பட்டாளத்துல தலையில அடிபட்டுச்சா?"

"இல்லீங்க. எழுபத்தொண்ணு சண்டையில பக்கத்துல குண்டு விழுந்துச்சு. தூக்கி மண்சுவத்துல அடிச்சுது. கொஞ்ச நேரம் நெனவில்ல. ரத்தம் வரல, அதனால யாரும் எழுதிக்கல. மறுபடி பீரங்கிகிட்ட போயிட்டேன். மொத்த சர்வீஸ் பதினேழு வருஷமும் பீரங்கிகிட்டதான்."

"இதெல்லாம் பழைய காயத்தோட தழும்பும்மா. தள்ளாட்டம், மறதி, கோபம் எல்லாத்துக்கும் இதுதான் காரணமா இருக்கும். ஈரல் டெஸ்டும் பாத்தாச்சு, சுத்தமா இருக்கு. குடிக்கிறவர் மாதிரியே தெரியல."

இருதயம்மாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்து, ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருதயம், அப்ப நான் குடிக்கலையா?"

"இல்லீங்க."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் இல்லீங்க."

"நீ துபாய் போறியா?"

"போகலீங்க."

பாபநாசம் வருவதற்குள் இதையே நாலு தடவை கேட்டார். அவளும் நாலு தடவையும், இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறார் என்பதுபோல, முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள்.