வலது பக்கம் போகாத பந்து

பொங்கல் போட்டிக்கு முன்னால் எங்கள் ஏரியா கைப்பந்து அணி மூன்று பயிற்சி ஆட்டங்கள் ஆடும். பக்கத்து ஊர் அணி ஒன்றைக் கூப்பிட்டு, கோப்பை இல்லாமல், மைக் இல்லாமல், சும்மா ஆடிப் பார்ப்பது. ஜெயித்தாலும் ஒன்றுமில்லை, தோற்றாலும் ஒன்றுமில்லை. ஆனால் பேச்சு என்னவோ இந்த மூன்று ஆட்டங்களுக்குத்தான் அதிகம். பொங்கல் போட்டி முடிந்த மறுநாளே அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடும் மனிதர்கள், ஒரு பயிற்சி ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஏழு நாள் பேசுவார்கள். இரண்டாவது ஆட்டம் வந்தால்தான் முதல் ஆட்டத்தை விடுவார்கள்.

அந்தப் பேச்சு ஒன்று விடாமல் என் காதில் விழும். அவனியாபுரத்தில் மைதானத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், ஃப்ளெக்ஸ் டிசைன் எல்லாம் உண்டு. பக்கத்தில் டீக்கடை. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே ஒரு தகரம். டீக்கடையில் டீயை ஆற்றுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கும், நான் கல்லாவில் உட்கார்ந்து தும்மினால் அங்கே கேட்கும்.

போன மார்கழியில் அவர்கள் பேசியது முழுக்க என் வீட்டுக்காரரைப் பற்றி.

அவர் கிரில் பட்டறையில் வெல்டர். எங்கள் அணிக்குப் பதினாலு வருஷமாக செட்டர். ஆட்டம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: செட்டர் என்பவர் வலைக்குப் பக்கத்தில் நின்று, பின்னாலிருந்து வருகிற பந்தை, அடிக்கிற ஆளுக்குத் தூக்கிக் கொடுப்பவர். இடது பக்கம் ஒருவன் அடிக்கத் தயாராக நிற்பான், வலது பக்கம் ஒருவன் நிற்பான். யாருக்குக் கொடுப்பது என்பதைக் கண்மூடித் திறப்பதற்குள் இவர் முடிவு செய்ய வேண்டும். இடது பக்கம் என்றால் முகத்துக்கு நேராகத் தூக்கலாம். வலது பக்கம் என்றால் முதுகுக்குப் பின்னால் போட வேண்டும். பாயிண்ட் வந்தால் அடித்தவனுக்குக் கைதட்டல், போனால் செட்டருக்குத் திட்டு. காலேஜில் மூன்று வருஷம் நானும் செட்டராக ஆடியவள் என்பதால் இந்த அநியாயம் எனக்குப் பழக்கம்.

முதல் பயிற்சி ஆட்டத்தில் நம்மவர்கள் தோற்றார்கள். மறுநாள் காலையில் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். அவர் எங்கள் அணியின் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை, ஒரு பந்தையும் தொட்டதில்லை.

"பூராப் பந்தும் இடது பக்கமே போகுதுண்ணே. வலது பக்கம் ஒருத்தன் பனமரமாட்டம் நிக்கிறான். அவன் என்ன காக்கா வெரட்டவா நிக்கிறான்?"

டீக்கடைக்காரர் என் வீட்டுக்காரருக்காகப் பரிந்து பேசினார். "நல்லா அடிக்கிறவனுக்குத்தானப்பா குடுப்பாக."

"நல்லா அடிக்கிறவனுக்கா, தங்கச்சி புருசனுக்கா?"

இடது பக்கம் அடிக்கிறவர் என் வீட்டுக்காரரின் தங்கையைக் கட்டியவர். அது உண்மைதான். யாரோ மெல்லிய குரலில், "மதினி உள்ள இருக்காகப்பா" என்றார். "மிஷின் ஓடுது, கேக்காது" என்றார் ஆட்டோக்காரர். மிஷின் ஓடத்தான் செய்தது. என் காது அதைவிட நன்றாக ஓடும்.

எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும், வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அவர்கள் சொன்னதில் பாதி சரி. பந்து வலது பக்கம் போகவில்லை. அதன் காரணம்தான் அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஆடி மாதத்திலிருந்தே தெரியும்.

நாள் முழுக்கக் குத்தவைத்து வெல்டிங் செய்கிற மனிதர். ஆடியில் ஒரு நாள் மாடிப்படியில் இறங்கும்போது முழங்காலை மடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அன்று சாயங்காலம் மைதானத்தில் பார்த்தேன், பந்துக்குக் கீழே வருவதற்கு அரை எட்டு பிந்தினார். முதுகுக்குப் பின்னால் போட வேண்டுமானால் பந்துக்கு நேர் கீழே போய் நின்றுவிட வேண்டும். அரை எட்டு பிந்திவிட்டால் முன்னால் மட்டும்தான் தள்ள முடியும். அவ்வளவுதான் விஷயம். தங்கை புருஷனும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

இதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் மனசு உடைந்துபோவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், சொன்னால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார், அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. தானாகவே சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது ஆட்டத்தில் எதிரணி உஷாராகிவிட்டது. வலைக்கு அந்தப் பக்கம் இடது பக்கத்தையே குறிவைத்து இரண்டு பேர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அடித்த பந்தெல்லாம் அவர்கள் கையில் பட்டுத் திரும்பி வந்தது. மறுநாள் டீக்கடையில் ஒரே சிரிப்பு.

"பொங்கச் சீரு கொண்டுபோயி குடுக்குற மாதிரி மாப்ளைக்கே குடுத்துக்கிட்டு இருக்காரு அண்ணே. வெத்தல பாக்குதான் வைக்கல" என்றார் ஆட்டோக்காரர்.

யாரோ கொடுத்த ஆதார் கார்டை மிஷினுக்குள்ளேயே விட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். அங்கே பெஞ்சில் அணியின் செயலாளரும் உட்கார்ந்திருந்தார். கரன்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நியாயமான மனிதர். யாரை ஆட்டத்தில் இறக்குவது என்பது அவர் கையில்தான்.

என்னைப் பார்த்ததும் எல்லோரும் டீயைக் குனிந்து பார்த்தார்கள். செயலாளர் மட்டும் கேட்டார். "நீ ஆடுன புள்ளதான தாயி. நீயே சொல்லு, பந்து ஏன் வலது பக்கம் போக மாட்டேங்குது?"

"மாப்ளைக்குச் சீரு செய்யவும் இல்ல, சோறு போடவும் இல்ல" என்றேன். "அவருக்கு முழங்காலு வலிக்குது. பந்துக்குக் கீழ போயி நிக்க அரை எட்டு லேட்டாகுது. லேட்டானா பின்னாடி போட முடியாது, முன்னாடிதான் போட முடியும். இது தெரியாம என்னத்தப் பெருசா ஆட்டம் பாக்குறீக? பதினாலு வருசமா பாத்ததுக்கு இம்புட்டுத்தான் தெரிஞ்சுச்சா?"

ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். செயலாளர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சரி தாயி" என்று எழுந்து போனார். எனக்கு ஒரே சந்தோஷம். நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிட்டோம், இனி வாயைத் திறக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு கடைக்குள் வந்தேன்.

மிஷினுக்குள்ளிருந்து ஆதார் கார்டை எடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. சொந்தக்காரனுக்குக் கொடுக்கிறார் என்றால் ஒரு அதட்டு அதட்டி நிறுத்திவிடலாம். முழங்காலை யார் அதட்ட முடியும்? காப்பாற்றுவதாக நினைத்து, அவரை வெளியே உட்காரவைப்பதற்கான காரணத்தை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு எடுத்த நகல் எல்லாம் கோணல்மாணலாக வந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் செயலாளர் இரண்டாவது செட்டுக்கு என் வீட்டுக்காரரை உட்காரச் சொல்லிவிட்டு, திருநகரிலிருந்து வருகிற ஒரு காலேஜ் பையனை இறக்கினார். பையன் முதல் பந்தையே முதுகுக்குப் பின்னால் போட்டான். வலது பக்கம் நின்றவன் இத்தனை நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி அடித்தான். கூட்டம் கத்தியது. திரும்பி வரும்போது வண்டியில் என் வீட்டுக்காரர், "பையன் நல்லாப் போடுறான்" என்று மட்டும் சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் "ம்" என்றேன்.

அடுத்த வாரம் செயலாளர் ஃப்ளெக்ஸுக்காகக் கடைக்கு வந்தார். எங்கள் பக்கம் அணி அறிவிப்பு என்று தனியாக எதுவும் கிடையாது. மைதானத்து வாசலில் ஃப்ளெக்ஸ் ஏறினால் அதுதான் அறிவிப்பு. ஆடுகிற ஆறு பேருக்கும் நடுவில் முழு உருவப் படம். மாற்று ஆட்களுக்கு அடியில், நன்கொடையாளர்களுக்குப் பக்கத்தில், வட்டத்துக்குள் தலை மட்டும். கடை வைத்த நாளிலிருந்து அந்த ஃப்ளெக்ஸை நான்தான் செய்கிறேன். செட்டர் படம் எப்போதும் நடுவில் இருக்கும்.

செயலாளர் நீட்டிய காகிதத்தில் காலேஜ் பையன் பெயர் மேலே இருந்தது. என் வீட்டுக்காரர் பெயர் 'வட்டம்' என்று எழுதியதற்குக் கீழே இருந்தது.

"நீ சொன்னதுதான் தாயி எனக்குத் தெளிவு குடுத்துச்சு. நாங்க பாட்டுக்கு சொந்தக்காரனுக்குக் குடுக்குறாருன்னு தப்பா நெனச்சுக்கிட்டு இருந்தோம். தங்கமான மனுசன், முழங்காலு அப்படி ஆனா அவரு என்ன செய்வாரு?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுல நீயே பக்குவமா சொல்லிரு."

அவர் போனதும் வேலையை ஆரம்பித்தேன். படத்தைச் சுட்டெலியால் பிடித்து இழுத்துச் சின்னதாக்கி, வட்டத்துக்குள் வைத்தேன். சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு அந்தப் போட்டோவுக்கு அனுப்பியதே நான்தான். வட்டத்துக்குள் சட்டை தெரியவில்லை. வேறு யார் சொல்லியும் அவருக்குத் தெரியக் கூடாது என்று, ஷட்டரை இறக்கிவிட்டு மத்தியானமே பட்டறைக்கு நடந்தேன்.

யாரோ வீட்டு ஜன்னலுக்கு கிரில் செய்துகொண்டிருந்தார். வேலை நேரத்தில் நான் அங்கே போனதில்லை. பார்த்ததும் எழுந்து நின்றார், சுவரைப் பிடித்துக்கொண்டுதான்.

"ஏங்க, இந்தத் தடவ பையனைத்தான் இறக்குறாங்க. உங்கள வெளிய வச்சிருக்காங்க."

"தெரிஞ்சதுதான" என்றார். "என்ன காரணம் சொன்னாக?"

"முழங்காலு."

"முழங்காலா? அது யாரு சொன்னா?"

"நான்தான். டீக்கடையில சீரு அது இதுன்னு கேவலமாப் பேசுனாங்க. கேட்டுக்கிட்டு இருக்க முடியல."

கண்ணிலிருந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு எம்புட்டு நாளாத் தெரியும்?"

"ஆடியில இருந்து."

கையிலிருந்த வெல்டிங் கோலைக் கீழே வைத்தார். பிறகு கத்தாமல், என்னைப் பார்க்காமல் சொன்னார். "அஞ்சு மாசமா, பந்து ஏன் பின்னாடி போக மாட்டேங்குதுன்னு மண்டையப் போட்டு உடைச்சுக்கிட்டு இருக்கேன். வெல்டிங் அடிச்சு அடிச்சு வெரலு செத்துப்போச்சுன்னு நெனச்சேன். தெனமும் ராத்திரி வெந்நீருல கைய வச்சேன், பாத்துக்கிட்டுத்தான இருந்த? முழங்காலு வலிக்கத்தான் செஞ்சுச்சு, பந்து போகாதது அதாலன்னு தோணல. காலுதான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வைத்தியம் பாத்திருப்பேன். இல்லாட்டி நானே வெலகியிருப்பேன். டீக்கடைக்குத் தெரியுறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிய வேணாமா?"

வெந்நீர் போட்டுக் கொடுத்ததே நான்தான். வேலை செய்த கை, வலிக்கிறது போல என்று நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, பட்டறை ஆட்கள் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். "கடையத் தெற, ஆளு வந்து நிக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பொங்கல் வரை வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. எலும்பு டாக்டரிடம் போனார், என்னைக் கூப்பிடாமல் தனியாகப் போனார். பொங்கல் வைத்தோம், கரும்பு தின்றோம். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

போட்டியின் கடைசி ஆட்டம் காணும் பொங்கலன்று சாயங்காலம், எங்கள் மைதானத்திலேயே. திருமங்கலம் பக்கத்து அணி எதிரே. என் வீட்டுக்காரர் முழங்காலில் உறை மாட்டிக்கொண்டு மாற்று ஆட்களோடு பெஞ்சில் இருந்தார். நான் டீக்கடைக் கூட்டத்தோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். முதல் செட் நமக்கு. இரண்டாவது செட்டில் பையன் வலது பக்கம் போட்ட பந்தெல்லாம் அடிபட்டுத் திரும்பியது. எதிரணிக்காரர்கள் பந்துக்கு முன்னாலேயே அங்கே போய் நின்றார்கள்.

"பையனுக்குப் பயம் வந்திருச்சுண்ணே" என்றார் டீக்கடைக்காரர்.

"இடது பக்கம் போடுறா டேய்! பூராத்தையும் வலது பக்கமே குடுத்தா எப்படி?" என்று கத்தினார் ஆட்டோக்காரர், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். பிறகு எல்லோருமாக என் பக்கம் திரும்பினார்கள். "மதினி, நீங்க சொல்லுங்க. எங்க தப்பு நடக்குது?"

எனக்குத் தெரிந்திருந்தது. நாக்கு நுனியில் வந்து நின்றது. வாயை இறுக மூடிக்கொண்டு, கூட்டத்தை இடித்துத் தள்ளி, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு பெஞ்சுக்குப் போனேன். நான் பக்கத்தில் போய் நின்றும் அவர் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பின்னாடி போடுறதுக்கு முன்னாடியே பையன் இடுப்ப வளைச்சிடுறான். அத வச்சு அவங்க கண்டுபிடிச்சிடுறாங்க."

"டீக்கடையில சொல்லிட்டியா?"

"இல்ல. உங்ககிட்டதான் சொல்றேன்."

இப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மூணு பாயிண்டுக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. "அப்புறம் ஏன் பையங்கிட்டச் சொல்லாம உக்காந்திருக்கீங்க? ஆட்டம் போகுதுல்ல?"

"நீ வந்து சொல்றியான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, செயலாளரைக் கூப்பிட்டு டைம் அவுட் கேட்கச் சொன்னார்.